அட்டையில் யார் பெயர்?

அன்புள்ள தேன்மொழி,

பாட்டெல்லாம் பதிவாகி முடிந்தது என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆல்பம் உன் பெயரில் மட்டும் வருவதா, கூட வாசித்த நாலு பேரையும் சேர்த்துக் குழுப் பெயர் போடுவதா என்று கேட்டிருந்தாய். ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசித்துக் காலம் தள்ளியவனிடம் போய் இதைக் கேட்கிறாயே! நோட்டீஸில் 'மற்றும் குழுவினர்' என்றுதான் என் பெயர் அச்சாகியிருக்கிறது. அதனால் என் கதையை விட்டுவிட்டு, நீ ஓயாமல் சொல்லும் அந்த அமெரிக்கப் பாடகர் ஜேசன் இஸ்பெல்லை வைத்தே பேசுகிறேன். நீ நாஷ்வில் ரைமன் அரங்கத்தில் அவர் கச்சேரி பார்த்துவிட்டு வந்து சொன்னதிலிருந்து நானும் அவருடைய ஆல்பங்களை வரிசையாகக் கேட்டுவிட்டேன்.

அந்த மனுஷனும் முதலில் இன்னொருவர் குழுவில் நின்றவர்தான். 2001இல் டிரைவ்-பை டிரக்கர்ஸ் குழுவில் சேரும்போது வயது 22. பேட்டர்சன் ஹுட், மைக் கூலி என்று பாட்டு எழுதிப் பாடும் இருவர் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். புதிதாக வந்த பையன் கிட்டார் வாசித்தால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை, பாடவும் விட்டார்கள். 2003இல் வந்த 'டெக்கரேஷன் டே' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டே இவர் எழுதியது. அதிலேயே 'அவுட்ஃபிட்' என்று இன்னொன்று. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் அப்பா மகனுக்குச் சொல்லும் புத்திமதி. எனக்கு ஏன் அது பிடித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

2007இல் அங்கிருந்து விலகினார். குடி ஒரு பக்கம், அதே குழுவில் பேஸ் வாசித்த மனைவியோடு முறிவு ஒரு பக்கம். அப்புறம் சேர்த்ததுதான் 400 யூனிட் என்ற தன் குழு. அலபாமாவில் ஃபிளாரன்ஸ் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவை அப்போது அப்படித்தான் சொல்வார்களாம். குறும்புதான், ஆனால் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும் குறும்பு. பக்கத்திலேயே மஸில் ஷோல்ஸ். அரேதா ஃபிராங்க்ளின், வில்சன் பிக்கெட் மாதிரி பெரிய பாடகர்களுக்கு வாசித்தவர்களின் ஊர் அது. 'ஐ'ல் டேக் யூ தேர்' பாட்டில் அந்த ஊர் டேவிட் ஹுட் வாசித்த பேஸ் இருக்கிறதே, அது ஒன்று போதும், பாட்டே தேவையில்லை. (பேட்டர்சன் ஹுட் அவருடைய மகன்தான்.) பின்னால் நின்று வாசிப்பவர்களுக்கு மரியாதை உள்ள வட்டாரத்தில் வளர்ந்தவர் இஸ்பெல். அதனால்தானோ என்னவோ, 2009 ஆல்பத்தில் தன் பெயரோடு குழுவின் பெயரையும் போட்டார். 2011இல் வந்ததிலும் அப்படியே.

2012இல் சிகிச்சைக்குப் போய்க் குடியை விட்டார். மறு வருஷம் 'சவுத்ஈஸ்டர்ன்'. அட்டையில் அவர் பெயர் மட்டும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். குழுவில் சிலர் வாசித்திருந்தாலும், அது ஒரு ஆள் தன்னையே உட்காரவைத்துக் கணக்குக் கேட்ட ஆல்பம். ஆனால் 2015இல் 'சம்திங் மோர் தேன் ஃப்ரீ' வந்தபோது குழு முழுக்க வாசித்திருக்கிறது, அட்டையில் மறுபடி அவர் பெயர் மட்டும். கிராமி விருதும் வாங்கியது. வாங்கட்டும், எனக்கு அது ஒப்பவில்லை. 2017இல் 'தி நாஷ்வில் சவுண்ட்' ஆல்பத்தில்தான் 400 யூனிட் அட்டைக்குத் திரும்பியது. அதற்கும் கிராமி, 2023இல் வந்த 'வெதர்வேன்ஸ்' ஆல்பத்துக்கும் கிராமி. பெயரைப் பங்கு போட்டதால் அவர் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஒரு வேலை செய். 'கவர் மீ அப்' பாட்டை முதலில் 'சவுத்ஈஸ்டர்ன்' ஆல்பத்தில் கேள். உடனே 2018இல் வந்த ரைமன் நேரடிப் பதிவில் கேள். பாட்டு அதே பாட்டுதான். ரைமனில், குடியை விட்டதைச் சொல்லும் வரி வந்ததும் சனம் கத்துகிறது பார், அவரோடு சேர்ந்து அவர்களும் எதையோ ஜெயித்த மாதிரி. குழு அவசரப்படாமல் மெல்ல ஏறுகிறது. எப்போது வாசிக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள். அந்தப் பதிவில் நீ கேட்பது ஒரு ஆளின் சத்தம் இல்லை. அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது.

2025இல் 'ஃபாக்சஸ் இன் தி ஸ்நோ' என்று ஒன்று செய்தார். நியூயார்க்கில் ஐந்து நாளில் பதிவு; 1940ஆம் வருஷத்து மார்ட்டின் கிட்டார் ஒன்று, அவர் குரல், அவ்வளவுதான். அதில் தன் பெயரை மட்டும் போட்டார். அது நியாயம்.

உன் ஆல்பத்தை நான் இன்னும் கேட்கவில்லை. ஆனால் ஐந்து பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்ததாகச் சொன்னாய். அப்படியானால் குழுவுக்குப் பெயர் வை. பெயரோடு நிற்காதே. பாட்டு எழுதியதற்கான ராயல்டி எழுதியவருக்குத்தான், அது உன்னுடையது, யாருக்கும் கொடுக்க வேண்டாம். பதிவில் வரும் பணம் வேறு. அதில் யாருக்கு எவ்வளவு என்று வெளியிடுவதற்கு முன்பே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. நண்பர்கள்தானே என்று விடுகிற இடத்தில்தான் சண்டை வரும். நான் பார்த்த அத்தனை குழுக்களும் காசில்தான் உடைந்தன, சுருதியில் இல்லை.

டிரம்ஸ் வாசிக்கும் அந்தப் பெண்ணுக்குப் பணம் கொடுத்துவிட்டாயா? அதை முதலில் முடி.

மிக்ஸிங் முடிந்ததும் அனுப்பு. பேஸ் சத்தத்தை அமுக்கி வைத்திருந்தால் உங்கள் ஊரில் நடுராத்திரி என்றும் பார்க்காமல் போன் போடுவேன்.

அன்புடன்,
அப்பா