ஐஸ் பெட்டி கொடுத்த மீன் கடை அக்காவுக்கு

ஊத்தங்கரைக்காரர்களுக்கு 2024 டிசம்பர் முதல் வாரத்தைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. வீட்டுச் சேறு இன்னும் முழுதாகப் போகவில்லை. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

கரண்ட் போன மறுநாள், என் ஆய்வுக்காகப் பாம்பாற்றிலும் தென்பெண்ணையிலும் பிடித்த 24 பாட்டில் வெள்ள நீரைத் தூக்கிக்கொண்டு, அதைக் குளிர்ச்சியாக வைக்க ஐஸ் தேடித் தெருத்தெருவாக நடந்தேன். மூடியிருந்த மீன் கடைத் திண்ணையில் அக்கா உட்கார்ந்திருந்தார். "ஆத்துத் தண்ணிக்கு எதுக்கு கண்ணு ஐஸு?" என்றார். தண்ணீரில் இருக்கும் கிருமிகள் நைட்ரேட் என்ற நைட்ரஜன் சத்தைத் தின்றுவிடும், சூடு ஏறினால் கணக்கே மாறிப்போகும் என்றேன். "அப்ப மீனு மாதிரிதான்" என்று எழுந்தவர், தெர்மாகோல் பெட்டியிலிருந்த மத்தியை எல்லாம் அள்ளி அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். உறைந்துவிடவும் கூடாது, உறைந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்கா என்ற தாதுப்பொருள் திரண்டு அளவு குறைத்துக் காட்டும் என்று தயங்கித்தான் சொன்னேன். ஒரு கேழ்வரகுச் சாக்கை நாலாக மடித்து ஐஸ் மேல் போட்டு, அதன்மேல் பாட்டில்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். மூன்று நாளும் மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டி எங்கிருந்தோ வந்தது. காசு வாங்கவில்லை.

அக்கா, அன்று அவசரத்தில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். கடலோரத்தில் டயட்டம் என்ற நுண்பாசி சிலிக்காவால்தான் ஓடு கட்டிக்கொள்கிறது. நீங்கள் விற்கும் மத்திக்கு அது இரை. அந்தச் சிலிக்காவை மலைப் பாறையிலிருந்து கரைத்துக் கொண்டுபோவது நம் ஆறு. கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் வண்டலோடு அதில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாக்கடை நைட்ரஜன் மட்டும் கூடிக்கொண்டே போகும். சாத்தனூரில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்த நாளில் கடலுக்கு என்ன போனது என்பதை இன்னொரு நாள் அளக்க முடியாது. அந்த நாளின் ஆறு உங்கள் பெட்டிக்குள் இருந்தது.

தங்கள் தெருவே மூழ்கியிருந்தபோதும் கடலூர் முகத்துவாரத்தில் நீர் எடுத்த நண்பர்கள், மாடியில் இடம் கொடுத்த வீட்டுக்கார அம்மா, பாட்டில்களை மடியில் வைத்துக்கொள்ளவிட்ட பஸ் கண்டக்டர், இரவெல்லாம் ஆய்வகத்தைத் திறந்து வைத்திருந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி.

24 பாட்டிலும் குளிர்ச்சியோடு போய்ச் சேர்ந்தன. முடிவு வந்ததும் என் ஆய்வு வழிகாட்டிக்கு அடுத்து உங்களுக்குத்தான் சொல்வேன் அக்கா. பெட்டியைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், சாக்கு கிழிந்துவிட்டது, புதுசு வாங்கி வருகிறேன்.