மொட்டை மாடிச் சாவி கேட்டு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய குடியிருப்போர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானத்தை லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். 'சூரிய, சந்திர கிரகண நாட்களில் குடியிருப்போரின் நலன் கருதி மொட்டை மாடி பூட்டி வைக்கப்படும்.' கீழே மூன்று கையெழுத்து, சங்கத்தின் முத்திரை. கை தூக்கியவர்கள் எத்தனை பேர், போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்ற கதைக்குள் நான் போகவில்லை. சூரிய கிரகணம் பார்க்க நான் மனுவில் சாவி கேட்டது ஒரு நாள் மாலைக்கு மட்டும்: 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, மூன்றரை மணி முதல் ஆறரை மணி வரை. ஒரு நாளுக்குச் சாவி கேட்டதற்கு எல்லாக் கிரகணத்துக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தாராள மனசை மற்ற விஷயங்களிலும் காட்டியிருந்தால் பார்க்கிங் ஷெட் எப்போதோ வந்திருக்கும்.

இதற்கு முன்னால் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். 2019 டிசம்பர் 26 காலை கங்கண கிரகணத்தின்போது சாவி செயலாளரிடம் இருந்தது, செயலாளர் ஊரில் இல்லை. கோவை, ஈரோடு, கரூர், திருச்சி, புதுக்கோட்டைக்காரர்கள் தங்கள் வீட்டு மாடியில் நின்றபடியே நெருப்பு வளையம் பார்க்க வாய்த்த நாள் அது. வேலூருக்கு வளையம் கிடையாது, ஆனால் சூரியனில் பெரும்பகுதி மறைந்தது. சரி, நாங்கள் தெருவில் நின்று பார்த்துக்கொண்டோம். அதை மறந்துவிடலாம். 2022ஐ மறக்க முடியவில்லை. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 25. தங்கை குடும்பம் வந்திருந்தது, குடியாத்தத்திலிருந்து அப்பாவின் பழைய நண்பர்கள் இருவர் வந்திருந்தார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கிரகணம் நமக்குத் தொடங்கியதே ஐந்தேகாலை ஒட்டித்தான். சூரியன் மறைய அதற்கப்புறம் அரை மணி நேரம்தான் மிச்சம். கிரகணத்தில் மறைந்ததோ சூரியனில் ஒரு சின்ன ஓரம் மட்டுமே. ஆனால் அஸ்தமனத்தில் நடக்கிற கிரகணத்துக்கு மேற்குத் திசை திறந்திருக்க வேண்டும். சத்துவாச்சாரியில் நம் தெருவில் நின்றால் மேற்கே தெரிவது எதிர்க் கட்டடமும் அதன் ஏசி வெளிப்பெட்டிகளும்தான். மாடியை விட்டால் வழியில்லை.

நம் லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேலே படிதான். அப்பாவுக்கு அப்போதே எழுபதுக்கு மேல், முழங்கால் வலி. ஒரு கையில் கைப்பிடி, இன்னொரு கையில் என் பையனின் தோள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்த படி. சட்டைப் பையில் கிரகணக் கண்ணாடி. தங்கை மகள் கையில், அவரே செய்து கொடுத்த கைக்கண்ணாடி: கருப்புத் தாள் ஒட்டி நடுவில் மிளகு அளவுக்கு ஓட்டை. அதைச் சூரியனுக்குக் காட்டினால் எதிர்ச் சுவரில் சூரியனின் உருவம் வட்டமாக விழும், கிரகணத்தின்போது வட்டத்தில் ஓரம் கடித்தது தெரியும், யாருடைய கண்ணும் சூரியன் பக்கம் போக வேண்டாம். மேலே போய்ச் சேர்ந்தால் கதவில் உங்கள் பித்தளைப் பூட்டு.

போன் செய்தோம். 'கிரகணம் முடிஞ்சு தொட்டியைக் கழுவினதும் தொறப்போம்' என்று பதில் வந்தது. அப்பா கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கதவுக்கு மேலிருக்கும் கம்பி ஜாலி வழியாக மாலை வெயில் சுவரில் கட்டம் கட்டமாக விழுந்தது. அது ஆரஞ்சாகி, மேலே மேலே ஏறி, கூரையைத் தொட்டு, மறைந்தது. தங்கை மகள் கண்ணாடியை அந்த வெயிலில் எப்படி எப்படியோ திருப்பிப் பார்த்தாள். ஜாலியின் கம்பிதான் விழுந்தது. 'தாத்தா, முடிஞ்சுடுச்சா?' என்றாள். 'நம்ம வரைக்கும் முடிஞ்சுடுச்சு கண்ணு' என்றார் அப்பா. மேகம் மறைத்திருந்தால் விதி என்று இறங்கியிருப்போம். பூட்டை நொந்து யாரிடம் சொல்வது? ஏறியதைவிட இறங்குவதற்கு அவருக்கு அதிக நேரம் ஆனது. மேலே போக வேண்டாம் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த முழங்காலாவது தப்பித்திருக்கும்.

அவர் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார் என்று சிலர் சிரித்ததும் காதில் விழுந்தது. 1980 பிப்ரவரி 16 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் பாதை கர்நாடகக் கடற்கரையில் ஏறி, ஆந்திரம் வழியாக ஒரிசாவுக்குப் போனது. அப்பா குடியாத்தத்தில் அறிவியல் வாத்தியார். சக வாத்தியார்களோடு அரக்கோணத்தில் பம்பாய் ரயிலைப் பிடித்து ராய்ச்சூரில் போய் இறங்கினார். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்ததாம், ஒரு டீக்கடைகூட இல்லை. ஒரு வாத்தியார் தன் வெள்ளை வேட்டியை வெட்டவெளியில் விரித்து நான்கு மூலையிலும் கல்லை வைத்தார். சூரியன் முழுதாக மறைவதற்குச் சற்று முன்னால் அந்த வேட்டியின் மேல் மெல்லிய நிழல் வரிகள் நெளிந்து நெளிந்து ஓடின என்று அப்பா சொல்லும்போது கை தானாகவே நெளியும். வேப்ப மரத்தடியில் இலைச் சந்து ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிறைச் சூரியன். பிறகு வெளிச்சம் சட்டென்று இறங்கி, காற்று குளிர்ந்து, வெள்ளி பட்டப்பகலில் எட்டிப் பார்த்தது. கருப்பு வட்டத்தைச் சுற்றி வெண்மையாகக் கரோனா, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலம். மூன்று நிமிடம்கூட இல்லை. கணக்கு வாத்தியார் எத்தனை வினாடி என்று எண்ணுவதாக ஏற்பாடு. அவர் எண்ணவே இல்லை, வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாராம். வைரமோதிரம் போல ஓரத்தில் ஒளி வெடித்ததும் எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள், எதற்கென்று தெரியாமலே.

அதற்கப்புறம் அவருக்கு இன்னொரு முழுக் கிரகணம் வாய்க்கவில்லை. 1995இல் அக்காவின் கல்யாண வேலை. 1999இல் குஜராத்திலும் 2009இல் சூரத், வாரணாசி, பாட்னா பக்கமும் மழைக்காலத்தில் வந்தவை, போவதில் பலனில்லை என்று விட்டுவிட்டார். இந்திய மண்ணில் அடுத்தது 2034 மார்ச் 20, அதுவும் காஷ்மீர், லடாக் பக்கம். எண்பதைத் தொட்டவரைக் கார்கிலுக்கு அழைத்துப் போவது பற்றிச் சங்கம் ஏதாவது யோசனை சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவேதான் 2027 ஆகஸ்ட் 2. அன்றைய முழு நிழல் ஸ்பெயினின் தென் முனையைத் தொட்டு, வட ஆப்பிரிக்கா வழியாக எகிப்தின் லக்சர் மேல் போகிறது. அங்கே ஆறு நிமிடத்துக்கும் மேல் முழு இருட்டு. பிறகு செங்கடலைத் தாண்டி ஜித்தா, மக்கா. நம் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் எத்தனை வீட்டில் ஜித்தாவில் ஆள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். என் கல்லூரி நண்பர் ஒருவர் அங்கேதான் இருக்கிறார். கிரகணத் தொழுகை முடித்துவிட்டு, நம் கடிகாரத்தில் மாலை நான்கு மணியை ஒட்டி, அங்கே இருட்டும்போது வீடியோ கால் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் அதைக் காட்ட வேண்டும். அப்புறம் மாலை வெயிலில் அதே கிரகணத்தின் நம் பங்கு, பகுதி கிரகணமாக, வேலூரிலும் தெரியும். சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். திரும்பவும் அதே மேற்கு, அதே மாடி, அதே கதவு. அதனால்தான் சாவி கேட்கிறேன்.

நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். கெட்ட கதிர் என்றீர்கள். கிரகணத்தின்போது சூரியனிலிருந்து புதிதாக ஒன்றும் கிளம்புவதில்லை. வழக்கமாக வருவதில் கொஞ்சத்தை நிலா நடுவில் நின்று தடுக்கிறது. வெறும் கண்ணால் சூரியனைப் பார்த்தால் விழித்திரை கருகும் என்பது உண்மை, அது எல்லா நாளும் உண்மை. கிரகண நாளில் பார்க்கத் தோன்றும் என்பதுதான் ஆபத்து. முழுதாக மறைகிற அந்தச் சில நிமிடம் தவிர வேறெப்போதும் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, வேலூரில் அன்று முழுதாக மறையப் போவதே இல்லை. எனவே சூரியனைப் பார்க்கும் கண்ணாடிக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12312-2 அச்சிட்ட கண்ணாடி அல்லது ஊசித்துளை வழியே சுவரில் விழும் உருவம், இரண்டைத் தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை என்று நானே கதவில் எழுதி ஒட்டுகிறேன். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ், மஞ்சள் தண்ணீர்த் தாம்பாளம் எதுவும் மேலே வராது. கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கிறது என்ற காரணம் நியாயமானது. பிள்ளைகளைச் சுவரிலிருந்து விலக்கி, கயிறு கட்டி உட்கார வைப்போம், பெரியவர்கள் கூடவே நிற்போம்.

இதே தாழ்வான சுவர்தான் புத்தாண்டு இரவில் டிஜே வைத்து ஆடியபோதும் இருந்தது. அன்று நள்ளிரவு வரை சாவி கதவிலேயே தொங்கியது. காதுகுத்துக்கு ஷாமியானா போட, வடகம் காய வைக்க, கேபிள்காரர் ஒயர் இழுக்க, எல்லாவற்றுக்கும் கதவு திறந்தது. கிரகணத்தன்றும் தொட்டியில் தர்ப்பை போட உங்கள் ஆள் ஒருவர் மேலே போய் வந்தார், அவருக்குக் கெட்ட கதிரால் ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் உலக்கையைத் தட்டில் நிறுத்திப் பார்ப்பதையோ, நீங்கள் சாப்பிடாமல் இருப்பதையோ, முடிந்ததும் தலைக்குக் குளிப்பதையோ நான் ஒன்றும் சொல்லவில்லை. தர்ப்பையும் தாராளமாகப் போடுங்கள். என் பங்குத் தண்ணீரிலும் அது இருக்கட்டும்.

தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வெளியூர்க்காரர்கள் நம்மைக் கிண்டல் செய்வார்கள். கோயிலுக்கு 1981இல் சாமியாவது வந்துவிட்டார். காலியான அந்த இடத்தை நிரப்ப வானமில்லா மாடி ஒன்றை நாம் சேர்த்திருக்கிறோம். பழைய வடாற்காடு மாவட்டத்தில் ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி 1986இலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். கவனிக்க: அங்கே இரவில் கூரையைத் திறக்கிறார்கள்.

அலுவலக அறையில் பஞ்சாங்கம் மாட்டியிருக்கிறீர்களே, அதற்கும் ஒரு செய்தி. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வானத்தில் பார்ப்பதோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காகப் பாடுபட்டவர். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தன்று அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவில்லை. நிஜாம் சீமையில் வனபர்த்தி வரை போய் நின்று பார்த்தார். பஞ்சாங்கம் எழுதியவர் வெளியே நின்றார். அதைப் படிக்கிற நாம் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம்.

கொஞ்சம் கோபத்தில் எழுதிவிட்டேன், சங்கத்துக்காக நீங்கள் சம்பளமில்லாமல் உழைக்கிறீர்கள் என்பது தெரியும். மோட்டார் கெட்டால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட வந்து நிற்பவர் செயலாளர் சார்தான். அதனால் சச்சரவு வேண்டாம், மரியாதையாகவே கேட்கிறேன்.

தீர்மானத்தை ரத்து செய்ய மனமில்லை என்றால், 'விருப்பமுள்ளவர்கள் எழுத்துமூலம் கேட்டால் சாவி தரப்படும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வர விருப்பமில்லாத யாரையும் நாங்கள் கூப்பிடப் போவதில்லை. சாவிக்குப் பதிவேட்டில் என் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன், ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது என்றும் எழுதித் தருகிறேன். தொட்டிப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேலே வரும், அதை நானே தூக்கி வந்து நானே இறக்குகிறேன். ஆறரைக்குக் கதவைப் பூட்டிச் சாவியைச் செயலாளர் சார் வீட்டில் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, ஆகுமா ஆகாதா என்று எழுத்தில் பதில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதிலைப் பலகையில் ஒட்டினால் போதாது. அப்பா லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகை வரை வருவதில்லை, வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடியில் குடியிருக்கும் உறுப்பினர்,
சத்துவாச்சாரி, வேலூர்