கள்ளக்கடல் ஏறிய சனிக்கிழமை

அன்புள்ள சேவியர்,

நலம்தானே? ஏழு மாதமாகக் கடிதம் இல்லை என்று திட்டுவாய். அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அம்மா நன்றாக இருக்கிறார்கள், வீடும் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

போன சனிக்கிழமை நம் ஊரில் கள்ளக்கடல் ஏறிவிட்டது, காற்றோ மழையோ இல்லாமல் திடீரென்று கரையேறும் அலை. பகல் பதினொரு மணி. வானத்தில் மேகமில்லை, தென்னை ஓலைகூட அசையவில்லை. காயப்போட்டிருந்த வலைகளை முதல் அலை நனைத்தது. அடுத்தது சுருட்டிக்கொண்டு போனது. அதற்கும் அடுத்தது உன் வீட்டு அடுப்படிக்குள் புகுந்துவிட்டது. தரையில் இருந்த மீன்குழம்புச் சட்டியை எடுத்துப் பார்த்தேன், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கருமணல்.

அம்மாவை மேட்டில் உட்கார வைத்துவிட்டுக் குருசடிப் படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். (நீ தொலைத்ததற்குப் பதிலாக வாங்கித் தந்தாயே, அதே கடிகாரம்.) மற்ற நாளில் எட்டு, ஒன்பது எண்ணுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். அன்றைக்கு ஓர் அலைக்கும் மறு அலைக்கும் நடுவே 18 நொடி! காற்றே இல்லாமல் இது எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டாள். அன்றிரவு முழுக்க அதைத்தான் படித்தேன்.

அந்த அலை இங்கே பிறந்ததே இல்லை, சேவியர். தெற்கே, அண்டார்டிக்காவைச் சுற்றியுள்ள கடலில் அடித்த புயல் எழுப்பியது. பதினெட்டு நொடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஆறாயிரம், ஏழாயிரம் கிலோமீட்டரைக் கடந்து நம் கரையைத் தொட ஐந்தாறு நாள் ஆகும். அங்கே புயல் ஓய்ந்த பிறகுதான் இங்கே சட்டியில் மணல் விழுகிறது. 1963இல் வால்டர் மங்க் என்ற கடலியல் அறிஞர் இப்படிப்பட்ட அலைகளைத் தெற்கிலிருந்து அலாஸ்கா வரை பின்தொடர்ந்து அளந்திருக்கிறார். அவ்வளவு தூரத்திலும் அவை அதிகம் தேயவில்லை.

அத்தனை தூரமும் தண்ணீர் ஓடி வருவதில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. வலையின் மிதவையைப் பார்த்திருக்கிறாயே, அலை வந்தால் ஏறி, கொஞ்சம் முன்னே போய், இறங்கி, ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும். நீர் அங்கேயே வட்டமடிக்கிறது. பயணம் போவது ஆற்றல் மட்டும். நடுக்கடலில் அந்த அலையின் நீளம் அரைக் கிலோமீட்டர், உயரமோ மிகக் குறைவு. உன் கப்பலுக்கு அடியில் எத்தனை தடவை போயிருக்குமோ, உனக்குத் தெரிந்திருக்காது. கரையை நெருங்கி அடித்தரை தட்டும்போது வேகம் குறைகிறது, பின்னால் வருவது நெருங்குகிறது, அலை எழும்புகிறது.

கள்ளனைப் போல வருவதால் கேரளக் கடற்கரைக்காரர்கள் வைத்த பெயர் இது. 2012இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லை அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. வருவதற்கு நாள்கணக்கு ஆவதால் ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தால் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. இந்தத் தடவையும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமையே எல்லார் கைப்பேசிக்கும் செய்தி வந்தது. நம் ஆட்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள், காற்று இல்லை என்றார்கள், வலையைக் காயப்போட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனது இதே எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிக்கும் நம் பெரியப்பாக்களின் கணக்கு மற்ற எல்லாவற்றுக்கும் சரி, இதற்குச் செல்லாது. ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி நொடி எண்ணச் சொல்லித்தருகிறேன். பதினைந்தைத் தாண்டினால் மேட்டுக்கு ஓடு என்று சொல்லியிருக்கிறேன்.

இனி உன் வேலை. மே முடியும் வரை அம்மா மேட்டுத்தெருவில் எங்களோடு இருக்கட்டும் என்று கெஞ்சிவிட்டேன். அப்பா இருந்த வீட்டைப் பூட்டமாட்டேன் என்கிறார்கள். நான் சொன்னால் எடுபடாது, நீ சொன்னால்தான் நடக்கும். ஞாயிறு பூசை முடிந்து ஒன்பது மணிக்கு வீட்டில் இருப்பார்கள், அப்போது கூப்பிடு.

அன்புடன்,
ஜோசப்