கைகளையும் கால்களையும் பார்க்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பிதழில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ என்ற இத்தாலியப் படத்தின் மறைபொருள்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சுவரொட்டி ஒட்டும் வேலைக்குத் தேவையான சைக்கிளைப் பறிகொடுத்த அந்தோனியோ, சிறுவனான மகன் புரூனோவோடு அதைத் தேடி அலையும் கதை அது. சைக்கிள் திருட்டுப்போகும்போது அந்தோனியோ சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த்தின் போஸ்டருக்குக் கட்டுரையாளர் சொல்லும் பொருள் சரி, ஒப்புக்கொள்கிறேன். அடகுக்கடைக் காட்சியையும் அவர் சேர்த்திருக்கலாம். கட்டிலில் விரித்திருந்த துணிகளைக் கொண்டுபோய் வைத்து, முன்பு அடகு வைத்த சைக்கிளை அந்தோனியோவும் மனைவியும் மீட்கிறார்கள். அந்த மூட்டையை வைக்க ஊழியர் ஏறிப்போகும் அடுக்கில், கூரை வரைக்கும் ஊரார் வீட்டுப் படுக்கைத் துணிகள். போர் முடிந்த ரோம் நகரம் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு வேறு வசனம் வேண்டாம். ஆனால் சைக்கிள்தான் சிலுவை என்று நிறுவப் பாதிப் பக்கம் எடுத்துக்கொண்டவர், அந்த அப்பாவும் மகனும் எப்படி நடக்கிறார்கள் என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. அதுதான் என் வருத்தம்.

நான் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவேன். பேச்சு இத்தாலிய மொழி, கீழே ஓடுவது ஆங்கிலம். இரண்டும் அவர்களுக்கு உதவாது. உடம்புகளை மட்டும்தான் பார்த்தார்கள். அதிலேயே கதை முழுவதும் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

வேலைக்குக் கிளம்பும் காலையில் அப்பா சாப்பாட்டுப் பொட்டலத்தை மேல்பையில் செருகுகிறார். புரூனோவும் அதேபோலச் செருகுகிறான். உடனே பிள்ளைகள் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்கள். அப்புறம் மழை. சந்தையில் ஒதுங்க ஓடும்போது பையன் வழுக்கி விழுகிறான், அப்பா கவனிக்கவே இல்லை. அந்த இடத்தில் அவர்களுக்கு வந்த கோபத்தை நான் மறக்க மாட்டேன். சர்ச்சுக்கு வெளியே அறை வாங்கிய பிறகு புரூனோ அப்பாவோடு சேர்ந்து நடக்க மறுத்துத் தள்ளித் தள்ளிப் போகிறான். இருவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பதைப் பிள்ளைகள் கையை விரித்துக் காட்டினார்கள். சிறிது நேரத்தில் ஆற்றில் ஒரு சிறுவன் மூழ்குவதாகக் கூச்சல் எழுகிறது. அது தன் மகன் இல்லை, மகன் படிக்கட்டின் மேலே நிற்கிறான் என்று அறிந்ததும், வேர்த்திருக்கிறதே, கோட்டைப் போட்டுக்கொள் என்கிறார் அப்பா. மன்னிப்பு என்று அவர் வாயால் கேட்கவில்லை.

இது தற்செயலாக அமைந்ததல்ல. 1948-இல் வந்த இந்தப் படத்தில் அப்பாவாக வரும் லம்பெர்த்தோ மஜ்ஜோரானி ஒரு ஆலைத் தொழிலாளி. சிறுவனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இயக்குநர் விட்டோரியோ டி சிகா அவனை நடிக்கச் சொல்லவில்லை, நடக்கத்தான் சொன்னார் என்று பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் எழுதியிருக்கிறார். பெரியவர் எட்டி வைக்கும் நடைக்கு எதிராக அந்தச் சின்னக் கால்களின் ஓட்டம் டி சிகாவுக்குத் தேவைப்பட்டது. படம் முழுக்கப் பாருங்கள்: அப்பா முன்னால், புரூனோ பின்னால், பாதி நேரம் ஓட்டமும் நடையுமாக.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். தானே ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபட்ட அப்பாவைப் பையன் கண்ணெதிரே கூட்டம் இழுத்து உலுக்குகிறது. கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகிறான் புரூனோ. அப்பா அழுதுகொண்டே நடக்கிறார், மகன் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறான். ‘மகன் மன்னித்துவிட்டான்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். பஸான் அதை ஒப்பவில்லை. மன்னிப்பும் அல்ல, ஆறுதலும் அல்ல, இருவரையும் சமமாக்கும் செயல் என்கிறார். எனக்கு அவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. என் மாணவி ஒருத்தி அதற்குக் காரணத்தையும் காட்டினாள். மேசைமேல் இரண்டு விரல்களை வேகமாகவும் அடுத்த கையின் இரண்டு விரல்களை இன்னும் வேகமாகவும் ஓட்டினாள், பிறகு இரண்டையும் ஒரே நிதானத்தில் நடக்கவிட்டாள். புரூனோ இப்போது ஓட வேண்டியதில்லை. அப்பா எட்டி வைக்கும் நடை சுருங்கிவிட்டது, அவனால் கூடவே நடக்க முடிகிறது. இவ்வளவு வருடம் பார்த்த எனக்கு அதை அவள்தான் எடுத்துக் காட்டினாள்.

இந்தத் தொடர் இன்னும் சில வாரங்கள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள், நல்ல முயற்சி. அடுத்த படத்தைப் பற்றி எழுதும் முன் கட்டுரையாளர் அதை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் இடமிருந்தால், படம் பார்க்கும் காது கேளாத வாசகர்களிடமும் எழுதி வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
புதுக்கோட்டை