மாதிரி விடைகளில் இடம்பெறாத கேள்விகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைத் தொழிலாளர் முறை, வறுமை, பெண்ணுரிமை, மனித உரிமைகள், அகதிகள் ஆகிய தலைப்புகளில் தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வெளிவரும் மாதிரிக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவை பிழையற்ற தமிழில், தேர்வுக்கு உதவும் வகையில் எழுதப்படுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும், சமூக அறிவியலை நெடுங்காலம் கற்பித்து, இதே தலைப்புகளில் எழுதப்பட்ட விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்தியவன் என்ற முறையில், அக்கட்டுரைகள் மாணவருக்கு எதைச் சொல்லித் தராமல் விடுகின்றன என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முன்னுரை, காரணங்கள், விளைவுகள், தீர்வுகள், முடிவுரை என்ற வரிசையில் எழுதப்பட்ட ஒரு விடையின் தலைப்பை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அது எந்தச் சிக்கலைப் பற்றியது என்று கண்டுபிடிப்பது எளிதன்று. காரணம் என்றால் கல்வியறிவின்மை. விளைவு என்றால் நாட்டின் வளர்ச்சி தடைப்படும். தீர்வு என்றால் அரசு கடுமையான சட்டம் இயற்ற வேண்டும், மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும். இந்த விழிப்புணர்வு வாக்கியத்துக்குப் பக்கத்தில் நானே சிவப்பு மையால் சரிக்குறி போட்டு அரை மதிப்பெண் கொடுத்த விடைத்தாள்களுக்குக் கணக்கில்லை. யாருக்கு, எதைப் பற்றி, யார் விழிப்புணர்வு ஊட்டுவது என்று ஒரு மாணவரையும் நான் கேட்டதில்லை. எனவே இக்கடிதத்தில் உள்ள குறை தங்கள் நாளிதழுக்கு மட்டும் உரியதன்று, எனக்கும் உரியதே.

ஒருமுறை எட்டாம் வகுப்பில் குழந்தைத் தொழிலாளர் பாடத்தை நடத்தி முடித்துக் கேள்வி ஏதும் உண்டா என்று வழக்கம்போல் கேட்டபோது, எப்போதும் பேசாத ஒரு மாணவி எழுந்து நின்றாள். "வீட்டு வேலை முழுக்க நான்தான் செய்றேன், தம்பியையும் நான்தான் பார்த்துக்கிறேன். அது இதுல சேருமா சார்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அது தேர்வுக்கு வராது, உட்கார் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கிற்று.

உலகில் 5 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 16 கோடிப் பேர் 2020ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளராக இருந்தனர் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப் நிறுவனமும் மதிப்பிட்டன. அவர்களில் ஆண் பிள்ளைகள் 9.7 கோடி, பெண் பிள்ளைகள் 6.3 கோடி. இந்த எண்களை மட்டும் பார்க்கும் மாணவர், பெண் குழந்தைகள் குறைவாகவே உழைக்கிறார்கள் என்ற முடிவுக்குத்தான் வருவார். ஆனால் தன் சொந்த வீட்டில் கூலியின்றிச் சமைப்பதும் துவைப்பதும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும் அந்தக் கணக்கில் வருவதில்லை. நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் முறையிலேயே வீட்டு வேலை உற்பத்தியாகக் கருதப்படுவதில்லை என்பதால், அதைச் செய்யும் குழந்தையும் உழைக்கும் குழந்தையாகக் கருதப்படுவதில்லை. வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ வீட்டு வேலை செய்யும் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், 14 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது என்று அதே அறிக்கை கூறுகிறது. என் மாணவி கேட்டது, பன்னாட்டுப் புள்ளியியலாளர்கள் மேசையில் வைத்து விவாதித்த அதே கேள்வி. நான்தான் அவளை உட்காரச் சொல்லிவிட்டேன்.

மாதிரிக் கட்டுரைகளில் குழந்தைத் தொழிலாளர் என்றதும் ஈவிரக்கமற்ற முதலாளி ஒருவர் தவறாமல் வந்துவிடுகிறார். அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 16 கோடியில் 70 விழுக்காட்டினர் வேளாண்மையில் இருந்தனர். 72 விழுக்காட்டினர் தங்கள் குடும்பத்தின் நிலத்திலோ தொழிலிலோ உழைத்தனர். அதாவது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பவர் பெற்ற தாயும் தந்தையும்தான். இதை அறிந்த பிறகு கடுமையான சட்டம் இயற்ற வேண்டும் என்று எழுதப் போகும் மாணவரின் பேனா ஒரு நொடி தயங்கும். யாரைச் சிறையில் வைப்பது என்று அவர் யோசிக்கத் தொடங்குவார். அந்தத் தயக்கத்துக்கு நம் மதிப்பெண் திட்டத்தில் இடமில்லை. 2024ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் மொத்த எண்ணிக்கை 13.8 கோடியாகக் குறைந்திருக்கிறது என்பதையும், 2025க்குள் இம்முறையை முற்றாக ஒழிப்பது என்று ஐக்கிய நாடுகள் அவை வகுத்த இலக்கு எட்டப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

சட்டம் என்ற சொல்லோடு நம் விடைகள் முடிந்துவிடுகின்றன. வரலாற்றில் கதை அங்கேதான் தொடங்குகிறது. பிரிட்டனில் 1833இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெரும்பாலான நூற்பு, நெசவு ஆலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. ஆனால் நாடு முழுவதற்கும் நியமிக்கப்பட்ட ஆய்வாளர்கள் நான்கு பேர் மட்டுமே. அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு பிள்ளைக்கு ஒன்பது வயதாகிவிட்டதா என்பதை நிறுவ வழியில்லாமல் இருந்தது. இங்கிலாந்தில் பிறப்பு இறப்புகளை அரசே பதிவு செய்யும் முறை 1837இல்தான் தொடங்கியது. அதுவரை மருத்துவர் ஒருவர் பிள்ளையின் உயரத்தையும் உடல்வாகையும் பார்த்து வயதுச் சான்று கொடுப்பார். கூலி தேவைப்பட்ட பெற்றோரும், சிறு கைகள் தேவைப்பட்ட ஆலைக்காரரும் அந்தச் சான்றைப் பெரிதாக ஆராய விரும்பவில்லை. எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், உயரத்தைவிடப் பற்களே வயதைச் சரியாகக் காட்டும் என்று 1837இல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதினார். ஒரு குழந்தையின் வாயைத் திறந்து பல்லை எண்ணித்தான் அதன் உரிமையைக் காப்பாற்ற முடியும் என்ற நிலையை மாணவர் ஒருமுறை மனக்கண்ணில் பார்த்துவிட்டால், பிறப்புச் சான்றிதழ் என்ற சாதாரணத் தாளைப் பிறகு வேறு விதமாகத்தான் பார்ப்பார்.

பெண்ணுரிமைப் பாடத்திலும் இப்படியே ஒரு காட்சி காத்திருக்கிறது. நியூசிலாந்தில் 1893இல் வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 32,000 பெண்கள் மனுக்களில் கையொப்பமிட்டனர். முதன்மையான மனுவின் தாள்களை, அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய கேட் ஷெப்பர்டு ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, ஒரு துடைப்பக் கம்பில் சுருட்டி அனுப்பினார். உறுப்பினர் ஜான் ஹால் அதை நாடாளுமன்றத்தின் தரையில் உருட்டிவிட, 270 மீட்டருக்கு மேல் நீளமிருந்த அந்தச் சுருள் அவிழ்ந்துகொண்டே போய் எதிர்ச்சுவரில் முட்டி நின்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் சட்டம் நிறைவேறியது. மாதிரிக் கட்டுரையில் இது "முதன்முதலில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய நாடு நியூசிலாந்து" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். வழங்கிய என்ற அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வகுப்பை நடத்தலாம். வாக்களிக்கும் உரிமை பெற்ற அதே பெண்கள் தேர்தலில் போட்டியிட 1919 வரையிலும், அவர்களில் ஒருவர் நாடாளுமன்றத்துக்குள் உறுப்பினராக நுழைய 1933 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது ஏன் என்று கேட்டு மறுநாள் வகுப்பையும் நடத்தலாம்.

எல்லாவற்றுக்கும் கல்வியறிவின்மையே காரணம் என்று எழுதும் பழக்கத்துக்கு மறுப்பாக நான் சுவிட்சர்லாந்தைச் சுட்டுவேன். படிப்பிலும் செல்வத்திலும் குறைவில்லாத, பழமையான மக்களாட்சிக்குப் பெயர் பெற்ற அந்த நாட்டில் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை 1971இல்தான் கிடைத்தது. 1959இல் நடந்த பொது வாக்கெடுப்பில் அது தோற்றுப்போயிருந்தது; வாக்களித்தவர்கள் அனைவரும் ஆண்கள். உரிமை இல்லாதவருக்கு உரிமை தரலாமா என்பதை உரிமை உள்ளவர் மட்டுமே கூடி முடிவு செய்வது முறையா என்ற கேள்வி, பதினான்கு வயது மாணவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

மனித உரிமைகள் பாடத்தில், 1948 டிசம்பர் 10 என்ற நாளும் 30 பிரிவுகள் என்ற எண்ணும் மாணவர் அனைவருக்கும் மனப்பாடம். அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவில், ஆண்களைக் குறிக்கும் சொல்லாலேயே முதல் பிரிவு தொடங்கியிருந்ததையும், இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா வலியுறுத்திய பிறகே அது மனிதர் அனைவரையும் குறிக்கும் சொல்லாக மாறியதையும் சொல்லிக் கொடுத்தால், ஒரு சொல்லுக்காகப் போராடுவது வீண் வேலையன்று என்பது தானே விளங்கும். அன்று 48 நாடுகள் ஆதரித்தன, எந்த நாடும் எதிர்த்து வாக்களிக்கவில்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. அவற்றுள் ஒன்றான தென்னாப்பிரிக்காவில் இனஒதுக்கலைக் கொள்கையாகக் கொண்ட அரசு அமைந்ததும் அதே 1948இல்தான்.

வறுமையையும் அகதிகளையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இரண்டிலும் சிக்கல் ஒன்றே: வரையறை. உலக வங்கி 2025 ஜூன் மாதத்தில் கடும் வறுமைக்கான கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியபோது, உலகின் ஏழைகள் எண்ணிக்கை 12 கோடிக்கும் மேல் கூடியது. அந்த இரவில் யாரும் புதிதாக வறியவராகிவிடவில்லை. விலைவாசித் தரவுகளும் ஏழை நாடுகள் தமக்கென வைத்திருந்த வறுமைக் கோடுகளும் புதுப்பிக்கப்பட்டன, அவ்வளவே. அகதி என்ற சொல்லும் அத்தகையதே. 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, இனம், மதம், நாட்டினம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றின் பொருட்டுத் துன்புறுத்தலுக்கு அஞ்சி எல்லையைக் கடந்தவரே அகதி. பசிக்கும் வறட்சிக்கும் அஞ்சி வெளியேறியவர் அதில் இல்லை. கடல்மட்டம் உயர்வதைக் காட்டிப் பாதுகாப்புக் கோரிய, பசிபிக் பெருங்கடலின் கிரிபாட்டி தீவு நாட்டினர் ஒருவரின் வழக்கை 2015இல் தள்ளுபடி செய்தது, பெண்களுக்கு முதலில் வாக்குரிமை தந்த அதே நியூசிலாந்தின் உச்ச நீதிமன்றம். இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சிட்டுப் பாருங்கள். மாணவர்கள் சண்டையிட்டுக்கொள்வார்கள், நல்ல சண்டையாக இருக்கும்.

இதற்கெல்லாம் வகுப்பில் நேரம் ஏது, தேர்வில் மதிப்பெண் யார் தருவார்கள் என்று என் சக ஆசிரியர்கள் கேட்பார்கள். அக்கேள்வி நியாயமானது, ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் நாற்பது நிமிடங்களில் பாடத்தை முடிக்க வேண்டியவரிடம் போய் வாதாடு, விவாதி என்று சொல்வது எளிது. ஐந்து தலைப்புகளையும் இப்படி நடத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒன்றை மட்டும், ஒரே ஒரு எண்ணையோ ஒரே ஓர் ஆவணத்தையோ எடுத்து வைத்து, இதை யார் எண்ணினார்கள், யாரை விட்டுவிட்டு எண்ணினார்கள் என்று கேட்க முடியும். இத்தகைய பேச்சு அரசியலாகிவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. ஆசிரியர் தன் தீர்ப்பை மாணவர் மேல் திணிப்பதே அந்த அச்சத்துக்கு இடம் தருகிறது; மாதிரி விடை செய்வதும் சரியாக அதைத்தான், சற்று மரியாதையான முறையில்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மாணவர் பகுதியில் மாதத்துக்கு ஒரு வாரமாவது மாதிரிக் கட்டுரைக்குப் பதிலாக, செய்தியில் அடிபடும் ஒரு புள்ளிவிவரத்தை வெளியிட்டு, அது எப்படி எண்ணப்பட்டது, எந்த வரையறையின்படி எண்ணப்பட்டது என்பதை அதன் கீழ் பத்து வரிகளில் விளக்குங்கள். விடை வேண்டாம், மாணவர்களிடமிருந்து கேள்விகளை மட்டும் வரவழையுங்கள். வரும் கேள்விகளை அச்சிடும்போது, அனுப்பியவரின் பெயரையும் பள்ளியையும் தவிர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சில கேள்விகள் கேட்பவரின் சொந்த வீட்டைப் பற்றியவையாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்