ஃபிலிமோடு மூலப் படங்களையும் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தாயாரின் நுரையீரலில் உள்ள சிறு கட்டி, முதல் சி.டி. ஸ்கேன் அறிக்கையில் 8 மி.மீ. என்றும், ஆறு மாதம் கழித்து வேறொரு மையத்தில் எடுத்தபோது 10 மி.மீ. என்றும் குறிப்பிடப்பட்டிருந்தது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. விட்டம் 8-லிருந்து 10 ஆனால் கட்டியின் கன அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

இரண்டு ஃபிலிம்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மருத்துவர், ஒப்பிடுவதற்கு இவை போதா, மூலப் படங்கள், அதாவது ஸ்கேன் கருவி கணினியில் பதிவுசெய்த படங்களே வேண்டும் என்றார். முதல் மையத்துக்கு மூன்று முறை அலைந்த பிறகே அவை குறுவட்டில் கிடைத்தன. கதிரியக்க மருத்துவர் இரண்டையும் கணினியில் ஏற்றி, முதுகெலும்பை முதுகெலும்போடு பொருத்தி, பிறகு நுரையீரலின் ரத்தக் குழாய்க் கிளைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டுவந்து காட்டினார். சி.டி. ஸ்கேன் உடலைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது போன்ற படங்களாகப் பதிவுசெய்கிறது; பழைய ஸ்கேன் 5 மி.மீ. தடிமனுள்ள வெட்டுகளாகவும் புதியது 1 மி.மீ. வெட்டுகளாகவும் பதிவாகியிருந்தன, தடித்த வெட்டில் கட்டியின் விளிம்பு சுற்றியுள்ள காற்றோடு கலந்து மங்கிவிடுமாம். புதியதையும் 5 மி.மீ. தடிமனுக்கு மாற்றி அதே இடத்தில் அளந்தபோது, அதுவும் 8 மி.மீ.தான் வந்தது. அன்றைக்குத்தான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

இப்படி இரண்டு படங்களைப் பொருத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மண்டையோட்டுக்குள் அசையாமல் இருக்கும் மூளையின் படங்களைச் சற்றுத் திருப்பி நகர்த்தினாலே பெரும்பாலும் பொருந்திவிடும். நுரையீரலும் கல்லீரலும் மூச்சுக்கு மூச்சு வடிவம் மாறுபவை என்பதால், மென்பொருள் படத்தை ரப்பர் தாளைப் போல இழுத்துத்தான் பொருத்துகிறது. அளவுக்கு மீறி இழுத்தால் உண்மையிலேயே வளர்ந்த கட்டியையும் பழைய அளவுக்குச் சுருக்கிக் காட்டிவிடக்கூடும். ஆகவே இடத்தைக் கண்டுபிடிக்க மட்டுமே பொருத்திய படம், அளப்பதற்கு இழுக்காத படம் என்று கதிரியக்க மருத்துவர் சொன்னது எனக்கு மிகச் சரியாகப் பட்டது.

இவை எதையும் ஃபிலிமில் செய்ய முடியாது. அதில் இருப்பது சிறிதாக்கி அச்சிட்ட படங்கள்; மூலப் படங்கள் சேமிக்கப்படும் டைகாம் (DICOM) என்ற கணினிக் கோப்பில்தான் வெட்டின் தடிமன், இடைவெளி, நோயாளி படுத்திருந்த நிலை எல்லாம் பதிவாகியிருக்கும். எனவே குறுவட்டிலோ பென் டிரைவிலோ, கேட்காமலேயே மூலப் படங்களைத் தருவதையும், எந்தத் தேதியிட்ட ஸ்கேனோடு ஒப்பிடப்பட்டது என்பதை அறிக்கையில் எழுதுவதையும் சுகாதாரத் துறை எல்லா ஸ்கேன் மையங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி.