முன்வண்டி ஓட்டியவருக்கு நன்றி

பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. குழந்தைகளுக்கு நிதி திரட்டும் கார் பேரணியை முன்னின்று நடத்த நீங்களாகவே வந்ததற்கு நன்றி மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

வழிக்குறிப்பில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அம்புப் படம், மொத்த தூரம், முந்தைய திருப்பத்திலிருந்து தூரம் என எல்லாம் இருந்தது. டயர் தேய்ந்தால் ஓடோமீட்டர் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், முதல் 10 கிலோமீட்டரை அளவு ஒப்பிடவே ஒதுக்கினீர்கள்.

முன்வண்டி 40-ஐத் தாண்டவில்லை. சிலர் முணுமுணுத்தார்கள்தான். ஆனால் முன்னால் ஒருவர் பிரேக்கை லேசாகத் தொட்டாலே, பின்னால் போகப் போக அது பெரிதாகிக் கடைசி வண்டி நின்றேவிடும். பிறகு இடைவெளியைப் பிடிக்க அவர் விரட்டுவார், ஆபத்து அங்கேதான். ஐந்தைந்து வண்டிகளாகப் பிரித்து அனுப்பியதும் அதற்காகவே.

டயர் சூடேறுமுன் காற்றழுத்தம் பார்த்தீர்கள். குழந்தை இருக்கையை, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டி, ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி கட்டவைத்தீர்கள். குழந்தையின் தோள்மேல் வரும் பெல்ட் வாரை இரு விரலால் கிள்ளிப் பார்த்து, மடிப்பு விழுந்தால் இன்னும் இறுக்கினீர்கள்.

ஊர்ந்து போனதில் ஒரு பழைய வண்டி சூடேறியபோது, ஏசியை அணைத்து ஹீட்டரைப் போடச் சொன்னீர்கள். எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியை யாரையும் தொடவிடவில்லை.

உங்கள் இழுவைக் கயிறு எங்களிடம்தான் இருக்கிறது. பிரிக்கவே இல்லை.